ஆயாவோடு வேண்டாம்

அம்மா இறந்த அன்று காலையிலேயே தம்பி கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்குப் போனான். அவன் திரும்பி வந்தபோது சந்தில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை வெளியே வரும்படி தலையசைத்தான். வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"அப்பா குழிய இப்போ தெறக்க முடியாதாம்க்கா. இன்னும் வருஷம் ஆவலியாம். ஆயா குழிதான் கீதுன்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். பார்த்தவர்கள் அழுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"சிரிக்காதக்கா. இன்னா பண்றது இப்போ?" என்றான் தம்பி. அவனுக்கும் உதடு துடித்தது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழைய குழி ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒருவரைப் புதைத்து இத்தனை வருஷம் ஆன பிறகுதான் அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆயா என்றால் அப்பாவின் அம்மா. அப்பா போனபோது ஆயாவின் குழிக்கு வருஷம் போதவில்லை, அதனால் அவரை அவருடைய பெரியப்பாவின் குழியில் வைத்தோம். இப்போது ஆயாவின் குழிக்கு வருஷம் முடிந்திருந்தது, அப்பாவுடையதற்கு முடியவில்லை. ஊரில் எங்கே வேண்டுமானாலும் படுக்கிறேன், அங்கே மட்டும் படுக்க மாட்டேன் என்று அம்மா எந்த இடத்தைச் சொல்லிவந்தாளோ, அந்த இடம்தான் அவளுக்குக் காலியாக இருந்தது.

ராயபுரத்தில் எங்களுடையது லைன் வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு, அவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். ஷிப்ட் வேலை. வீட்டிலிருக்கும் நேரத்தில் வாசலில் நாடாக் கட்டில் போட்டுத் தூங்குவார். உள்ளே தரையில் சுவரோரம் ஆயா, அவளுக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவை ஒட்டி நான், கடைசியில் தம்பி. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆயா கண்ணை மூடும்வரை அம்மா படுத்த இடம் அதுதான்.

அம்மா நெட்டுக்குப்பத்தில் பிறந்தவள். அவள் அப்பா எண்ணூர் கழிமுகத்தில் இறால் பிடித்தார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆயாவுக்கு அவளிடம் இரண்டு குறை. மருமகள் புதிதாக வேதத்துக்கு வந்தவள் என்பது ஒன்று. கழிமுகத்துச் சேற்றில் இறங்கி வளர்ந்தவள் என்பது இன்னொன்று. "இன்னும் சேத்து வாட போவல பாரு" என்று அம்மா காதில் விழும்படி பக்கத்து வீட்டிடம் சொல்வாள். சாயங்காலம் எல்லோரும் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்லும்போது, அம்மா எங்கே தடுமாறுகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே கவனிப்பாள். தடுமாறினால் மாலையின் அந்தப் பத்து மணியும் மறுபடி முதலிலிருந்து.

ஆயா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'இந்தா' என்பாள். கோபம் வந்தால் 'நெட்டுக்குப்பத்தா'. அம்மாவும் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் கிடையாது. ஆனால் ஆயாவிடம் நேராகப் பேச மாட்டாள், பாத்திரத்திடம் பேசுவாள். "ஏன் குண்டானே, நீயும் எந்நேரமும் கொதிச்சிக்கினே இருந்தா அடி புடிச்சிக்கும், தெரியும்ல" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். ஆயா அதற்கு ஒரு பதில் சொல்வாள். குண்டான் பதிலுக்குப் பதில் வாங்கும். அப்பா வாசலில் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மீன் வாங்குவதும் பங்கு போடுவதும் ஆயாதான். தலை அவளுக்கு. வஞ்சிரமோ கொடுவாவோ, சங்கராவோ, எதுவானாலும் தலை அவளுடைய தட்டுக்குத்தான் போகும். பின்னாளில் ஆயா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, எழுந்திருக்க முடியாமல் ஆனாள். அந்த வாரம் வந்த முதல் மீனிலேயே தலையைத் தான் எடுத்துக்கொண்டதாக அம்மா என்னிடம் சொன்னாள். "நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா அவ அலட்டிக்கினாளே, அந்த அளவுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஆயா படுக்கையில் கிடந்த காலத்தில்தான் என் மகள் பிறந்தாள். நான் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தேன். திருவொற்றியூரிலிருந்து காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ராயபுரத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவேன். அம்மா ஒரே கிண்ணத்தில் பருப்புச் சாதத்தைக் குழையப் பிசைந்து, ஒரு வாய் குழந்தைக்கு, ஒரு வாய் ஆயாவுக்கு என்று ஊட்டுவாள். இரண்டு பேருமே துப்புவார்கள். ஆயா வேறு யார் கையாலும் சாப்பிட மாட்டாள். அவள் மகள், எங்கள் அத்தை, வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டபோது, "அவ வூட்ல எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டாள்.

அதற்காகச் சண்டை நின்றது என்று சொல்ல முடியாது. துடைத்துவிட்டு, பவுடர் போட்டு, புடவை மாற்றும்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

"நான் மட்டும் எழுந்து நடந்தேன்னு வை, ஒன்ன இன்னா பண்றேன் பாரு" என்பாள் ஆயா.

"மொதல்ல எழுந்திரு. அப்பாலிக்கா பாத்துக்கலாம்" என்பாள் அம்மா, அவளைப் புரட்டிப் போட்டுக்கொண்டே.

ஆயா செத்தபோது அம்மா அதிகம் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டு டிவி தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் ஓடியது. ஆயாவுக்குக் காது மந்தம் என்பதால் வைத்த சத்தம் அது. பக்கத்து வீட்டில் வந்து சொன்ன பிறகுதான் அம்மா குறைத்தாள். கோயிலில் பூசைக்குப் போனால் ஆயா உட்கார்ந்த பெஞ்சில், தூணோரமாக ஆயா உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார ஆரம்பித்தாள். அங்கே காற்று நன்றாக வருகிறது என்று காரணம் சொன்னாள்.

'அவகூட என்னப் போடாதீங்க' என்று அம்மா எப்போது சொல்ல ஆரம்பித்தாள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஆயாவின் அடக்கம் முடிந்து திரும்பி வரும்போதே சொல்லியிருக்கலாம். பிறகு அது வீட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. முக்கியமாக என் மகளுக்கு. ஸ்கூல் விட்டு நேரே பாட்டி வீட்டுக்குத்தான் வருவாள். அம்மா அவளுக்கு நண்டு உடைத்துச் சதை எடுத்துக் கொடுப்பாள். எனக்குச் செய்யாததையெல்லாம் அவளுக்குச் செய்தாள். தாயம் விளையாடி வேண்டுமென்றே தோற்பாள். மழை நாளில் ஸ்கூலுக்குப் போக வேண்டாம் என்று தானே முடிவு செய்து எனக்குப் போன் போடுவாள். நண்டு தின்றுகொண்டே குழந்தை கேட்கும்.

"பாட்டி, நீ செத்தா எங்க போவ?"

"எங்க வேணா போறேன். ஒங்க கொள்ளுப்பாட்டி பக்கத்துல மட்டும் இல்ல. இத்தினி வருஷம் அவ கொறட்டைய கேட்டாச்சி. மண்ணுக்குள்ள போயும் கேக்கணுமா?"

குழந்தை சிரிக்கும். மறுபடி கேட்கும். அம்மா மறுபடி சொல்வாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் வேடிக்கை இல்லாமல் சொன்னாள். கிட்னி போய்விட்டது என்று டாக்டர் என்னிடமும் தம்பியிடமும் சொல்லியிருந்தார். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஒருநாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலடி. அவ கூட போடாத."

"சரிம்மா. மொதல்ல இந்த மாத்திரையப் போடு."

"மாத்திர கெடக்கட்டும். போட மாட்டேன்னு சொல்லு."

"போட மாட்டேன்" என்றேன். அதன் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அப்பாவின் பக்கத்தில் வைக்கச் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில் நினைவு தப்பியது. அப்புறம் போய்விட்டாள்.

தண்ணீர் டிரம் பக்கத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நெட்டுக்குப்பத்திலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மீன் ஏற்றும் ஒரு குட்டியானை வண்டியில் உறவுக்காரர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அக்காவைப் பார்த்து அழுது முடித்துவிட்டு வெளியே வந்தவரிடம் தம்பி விஷயத்தைச் சொன்னான். மாமாவுக்கும் அம்மாவின் பேச்சு தெரியும்.

"இதுக்கு இன்னாத்துக்கு நைனா யோசிக்கிற? எங்க பொண்ணு அது. நாங்க எடுத்துக்கினு போறோம். எங்க சுடுகாடு கடக்கரையிலேயே கீது. எடத்துக்குப் பஞ்சமா?"

தம்பி என்னைப் பார்த்தான். எனக்கும் ஒரு நிமிஷம் அதுவே சரி என்று தோன்றியது. ஆனால் மாமாவே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அக்கா ஒரு நாள்கூட கோயில வுட்டதில்லியே. சாமியார் வந்து மந்திரிக்காம போட்டா அதுக்கு மனசு ஆறாது" என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார்ந்தார்.

ஊருக்கு வெளியே தூரத்தில் புதிதாகத் திறந்த ஒரு கல்லறைத் தோட்டம் இருப்பதாக ஒருவர் சொன்னார். அங்கே யார் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று இன்னொருவர் கேட்டார். தம்பி மனைவி உள்ளேயிருந்து வந்து, செத்த பிறகு யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

என் மகள் அதுவரை அம்மாவின் தலைமாட்டில்தான் இருந்தாள். இப்போது ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. எழுந்து வந்து, "நான் ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன்மா. வா" என்றாள். என்ன கேட்கப் போகிறாள் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் மாமியை உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம்.

ஆபீசில் இருந்தவர் தம்பியிடம் சொன்னதையே எங்களிடமும் சொன்னார். மகள் அவரிடம், "ஏற்கெனவே உள்ள இருக்கறவங்கள என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"எலும்பு மட்டும்தாம்மா இருக்கும். அத வாரி ஒரு துணியில கட்டி, குழிக்கு அடியில வெப்பாங்க. அதும்மேல புதுப் பெட்டி வரும். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தான்."

"அந்த மூட்டைய வேற எடத்துல வைக்கலாமா?"

"வேற எங்க?"

"எங்க தாத்தா குழியில. அவரு அவங்க பையன்தானே."

ஆபீஸ்காரர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த குழி வெட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர், பெட்டியைத் தொட வேண்டாம், கால்மாட்டில் கொஞ்சம் தோண்டினாலே போதும் என்றார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார் ஆபீஸ்காரர். "ஒரே குடும்பம்தான். பங்கு சாமியார் சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

சாமியார் சின்ன வயசுக்காரர். தெற்கே தூத்துக்குடிப் பக்கம். எதற்காக என்று கேட்டார். தம்பி, குடும்பத்தில் ஒரு ஏற்பாடு ஃபாதர், அது இது என்று இழுத்தான். நான் இருப்பதைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டார். குடும்பத்தில் யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா என்றார். அத்தைக்கு அங்கேயே போன் போட்டோம். "எங்கம்மாவுக்கு எந்நேரமும் புள்ள பக்கத்துல இருக்கணும், அவ்ளோதான். கொண்டும்போய் வைங்க" என்றாள் அத்தை. சாமியார் இரண்டு குழிக்கும் வந்து ஜெபம் சொல்வதாக ஒத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது, "எங்க வீட்லயும் இதே மாதிரி ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு தெரிந்தது.

மறுநாள் காலையில் குழியைத் திறந்தபோது தம்பியோடு நானும் மகளும் போனோம். போக வேண்டாம் என்று சொன்னார்கள். பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பெட்டி மக்கிப்போய் மண்ணோடு மண்ணாகியிருந்தது. வெட்டுகிறவர் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே எலும்புகளை எடுத்தார். மண்ணுக்கு நடுவில் ஊதா நிறத்தில் ஏதோ தெரிந்தது. இழுத்து எடுத்து உதறி மேலே போட்டார். நைலக்ஸ் புடவை. வெளுத்திருந்தது, ஆனால் கிழியவில்லை.

"எங்க ஆயா வெள்ளப் பொடவதானே கட்டும்" என்றான் தம்பி.

"வெள்ள காட்டன்லாம் மக்கிப் பூட்டிருக்கும். இது மக்காது" என்றார் வெட்டுகிறவர்.

அது அம்மாவின் புடவை. அப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்தது. எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆயாவைக் குளிப்பாட்டி உடுத்தியபோது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தனியாகத்தான் செய்தாள். வெள்ளைக்கு உள்ளே அதைச் சுற்றியிருக்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆயா கேட்டிருக்கலாம். இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள், கலர் புடவையைப் பார்த்த கண்ணை எடுக்க மாட்டாள். அல்லது அம்மாவுக்கே தோன்றியிருக்கலாம்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இந்த மாதிரி இருந்திருக்காங்க ரெண்டு பேரும். பேசாம ஒண்ணாவே வெச்சிடலாமா?"

எனக்கும் மனம் ஆடியது. அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள்தான் சொன்னாள்.

"பொடவ குடுத்தது வேற மாமா. பக்கத்துல படுக்கறது வேற. பாட்டி நம்மகிட்ட கேட்டது ஒண்ணுதான்."

வெட்டுகிறவர் எங்களில் யாராவது முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்தார். "அவ சொல்ற மாதிரியே செய்ங்க" என்றேன்.

ஆயாவின் எலும்புகளை அந்த ஊதாப் புடவையிலேயே கட்டித் தரும்படி தம்பி கேட்டான். அவரும் கட்டித் தந்தார். மூட்டை மிகவும் சின்னது. தம்பி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கல்லறைகளுக்கு நடுவில் பார்த்துப் பார்த்து நடந்து, அப்பா இருக்கும் வரிசைக்குப் போனான். சாமியார் வந்து ஜெபம் சொன்னார். அப்பாவின் கால்மாட்டில் வைத்து மூடினோம். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம்.

அன்று சாயங்காலம் அம்மாவை அடக்கம் செய்தோம். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பூசையில் அவளோடு பெஞ்சில் உட்காரும் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெட்டியை இறக்கும்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். அதுவரை வேலையாகவே இருந்துவிட்டது. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். என் மகள் குழிக்கு மிகவும் கிட்டே போனதால் தம்பி அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

சொந்தத்தில் சிலர் பிற்பாடு குறை சொன்னார்கள். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், நடுவில் மாமியாரைக் கொண்டுபோய் மகனோடு சேர்த்துவிட்டார்கள் என்று. அம்மாவுக்கு அப்பா பக்கத்தில் இருக்க ஆசை இருந்ததா என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். வாசலில் தூங்கியவரும் உள்ளே தூங்கியவளும் அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பிள்ளைகளான எங்களுக்குத் தெரிந்ததே இல்லை. ஆயாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இல்லாமல் அவள் கையைக் காலை நீட்டிப் படுத்து நான் பார்த்ததில்லை. இப்போது படுத்திருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் காலையிலேயே போய்விட்டோம். சிலுவைக்கு வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, இரண்டு இடத்திலும் மெழுகுவர்த்தி வைத்தோம். கடல் காற்றில் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. வெளியே வந்த பிறகு மகள், நெட்டுக்குப்பம் போகலாமா என்று கேட்டாள். போனோம்.

மாமா வீட்டுக்கு முன்னால் வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். எங்களைப் பார்த்ததும் வலையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். மாமியைக் கூப்பிட்டு உலை வைக்கச் சொன்னார்.

"அக்கா எடம் எப்டி கீது?" என்று கேட்டார்.

"நல்லா கீது மாமா. பக்கத்துல ஒரு வேப்பமரம், மத்தியானத்துல நெழல் வுழுது."

"அது போதும்" என்றார். கழிமுகத்தில் இப்போதெல்லாம் இறால் குறைந்துவிட்டது என்றும், காலையில் கிடைத்தது கொஞ்சம்தான் என்றும், ஆனால் எங்களுக்குப் போதும் என்றும் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.